ஜூலையில் அயர்லாந்துக் கடலோரம்: ஆறு பேருக்கு ஒரு வாரம், எங்கே தங்குவது?

"டப்ளினில் இருக்கிறோம். ஜூலையில் ஊரிலிருந்து மாமனார், மாமியார் வருகிறார்கள். நாங்கள் இருவர், 9 வயது மகள், 4 வயது மகன். கின்சேலில் தொடங்கி டொனகல் வரை கடலோரமாகவே 7 நாளில் போகலாம், ஒவ்வோர் இரவும் ஒரு காட்டேஜ் என்று நினைக்கிறோம். சரிவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிவராது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிட்டத்தட்ட இதே திட்டத்தைப் போட்டு நானும் ஒரு முறை சூடு பட்டவன்.

கின்சேலிலிருந்து டொனகலின் வடகோடி வரை போகும் அந்தப் பாதைக்கு 2014-இல் 'வைல்ட் அட்லாண்டிக் வே' என்று பெயர் வைத்தார்கள். நீளம் சுமார் 2,500 கி.மீ. ஏழால் வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 350-க்கு மேல் வரும். எம்7 மோட்டார்வேயில் 350 கி.மீ. என்பது மூன்றரை மணி நேரம். தென்மேற்கே உள்ள கெர்ரி மாவட்டத்தில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் நாம் பின்னாலேயே போய் வேலியோரம் ஒதுங்க வேண்டிய சாலையில் அதே தூரம் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓட்டினாலும் தீராது. போதாக்குறைக்கு 2025 பிப்ரவரியிலிருந்து சிறிய ஊரகச் சாலைகளின் பொது வேக வரம்பை 80-லிருந்து 60 ஆக்கிவிட்டார்கள். அந்தச் சாலைகளில் 60-ஐத் தொடுவதே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

இதைவிடப் பெரிய சிக்கல் வீடு. ஜூலை, ஆகஸ்டில் கடலோர வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை முதல் அடுத்த சனி காலை வரைதான். ஒற்றை இரவுக்கு வீடு கொடுப்பவர்கள் அந்தப் பருவத்தில் அநேகமாக இல்லை. கிடைத்தாலும் என்ன நடக்கும்? தினமும் காலை பத்து மணிக்குள் ஆறு பேரின் பெட்டியைக் கட்டி, பிரிட்ஜில் இருப்பதை எடுத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துக் கிளம்ப வேண்டும். மாமியாருக்கு அயர்லாந்து என்றால் பெட்டி கட்டியதுதான் நினைவிருக்கும்.

அதனால் என் பதில்: ஒரு தீபகற்பம், ஒரு வீடு, ஏழு இரவு. பார்க்காமல் விட்டது நிறைய இருக்கும், இருக்கட்டும்.

எந்தத் தீபகற்பம் என்பதுதான் அடுத்த கேள்வி. நீண்ட பயணம் பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் தென்கிழக்கைப் பாருங்கள். வெக்ஸ்ஃபோர்டு டப்ளினிலிருந்து இரண்டு மணி நேரம். மேற்கைவிட வெயில் அதிகம், மழை குறைவு. கரக்ளோவில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல், ஹூக் ஹெட்டில் 800 ஆண்டு தாண்டியும் இயங்கும் கலங்கரை விளக்கம். ஆனால் 'அட்லாண்டிக்' என்று மனதில் ஒரு படம் இருக்கிறதே, பச்சை மலை நேராகக் கடலில் இறங்குவது, அது அங்கே கிடைக்காது.

மேற்கே உள்ள கானமாராவில் அது கிடைக்கும், கூட்டமும் குறைவு. ரவுண்ட்ஸ்டோன் பக்கத்து டாக்ஸ் பே மாதிரி வெண்மணல் கடற்கரையை நான் ஐரோப்பாவில் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அடைமழை நாளில் நான்கு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது என்பதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

டொனகல் அழகில் யாருக்கும் சளைத்ததல்ல. ஆனால் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டப்ளினிலிருந்து லெட்டர்கென்னிக்கு வழி கேட்டால் கூகுள் மேப்ஸ் வடக்கு அயர்லாந்து வழியாகத்தான் கூட்டிப்போகும். எல்லையில் சாவடி கிடையாது, நிறுத்திக் கேட்க யாரும் இல்லை, கி.மீ. பலகை மைல் பலகையாக மாறுவதுதான் அடையாளம். ஆனால் சட்டப்படி அது பிரிட்டன். ஊரிலிருந்து வரும் பெரியவர்களின் ஐரிஷ் விசாவில் 'பிஐவிஎஸ்' (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற குறிப்பு இல்லை என்றால் தனியாக பிரிட்டிஷ் விசா வேண்டும். எல்லையைத் தாண்டாமல் ஸ்லைகோ வழியாகச் சுற்றிப் போகலாம்தான், நேரம் கூடும். வாடகைக் கார் என்றால் அந்த நிறுவனம் வடக்கே ஓட்ட அனுமதிக்கிறதா என்பதும் ஒரு கேள்வி.

உங்கள் ஆறு பேருக்கு நான் சொல்வது கெர்ரியில் உள்ள டிங்கிள் தீபகற்பம். டப்ளினிலிருந்து சுமார் 350 கி.மீ., நான்கு வயதுக்காரரோடு நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எம்7-இல் மனிகால் பக்கத்தில் 'பராக் ஒபாமா பிளாசா' என்றே பெயர் வைத்த ஓய்விடம் இருக்கிறது. ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஒருவர் அந்த ஊர்க்காரர். கழிப்பறைக்கும் காபிக்கும் அங்கே நிறுத்தலாம், மாமனாருக்குச் சொல்ல ஒரு கதையும் ஆச்சு.

டிங்கிளைச் சொல்வதற்குக் காரணம் எளிது. சின்னத் தூரத்துக்குள் எல்லாம் இருக்கிறது: பிள்ளைகளுக்கு ஆழமில்லாத கடற்கரை, பெரியவர்களுக்குக் காரில் இருந்தபடியே பார்க்கக் கூடிய காட்சி, மழை நாளுக்குக் கூரைக்குக் கீழே சில இடங்கள், மருந்துக்கடையும் சூப்பர்மார்க்கெட்டும் உள்ள ஒரு ஊர். வீட்டை டிங்கிள் ஊருக்கும் வென்ட்ரிக்கும் இடையில் தேடுங்கள். வடக்கே காசல்கிரெகரி பக்கம் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து டிங்கிளுக்கு நேர்வழி கானர் பாஸ் என்ற மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு கார் அகலம். 2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு அங்கே அனுமதியும் இல்லை.

வண்டி என்றதும் ஒன்று. உங்களுக்கு ஏழு பேர் அமரும் கார்தான் வேண்டும். 150 செ.மீ. உயரமும் 36 கிலோ எடையும் எட்டாத பிள்ளைக்குச் சட்டப்படி தனி இருக்கை வேண்டும், ஆகவே 9 வயது மகளுக்கும் பூஸ்டர் கட்டாயம். ஆறு பேர் ஏறி, கடைசி வரிசையையும் விரித்துவிட்டால் டிக்கியில் இரண்டு பைக்கு மேல் போகாது. கூரைப்பெட்டி ஒன்று இரவல் வாங்குங்கள், அல்லது துணியைக் குறையுங்கள், வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கும்.

இனி வீடு. படத்தில் ஓலைக்கூரை, சிவப்புக் கதவு, ஜன்னலோரம் பூந்தொட்டி எல்லாம் போட்டிருப்பார்கள். அந்தப் பழைய வீடுகள் அழகுதான். ஆனால் சுவர் தடித்து ஜன்னல் சிறுத்திருக்கும், உள்ளே இருட்டு, படுக்கையறை பெரும்பாலும் செங்குத்தான மரப்படி ஏறி மாடியில். முட்டி வலிக்காரர் இருக்கும் குடும்பத்துக்கு அது ஆகாது. நான் புது பங்களா மாதிரி அசட்டுத்தனமாக இருக்கும் வீட்டைத்தான் எடுப்பேன். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, அதே தளத்தில் குளியலறை, இது இரண்டும் இல்லாத வீட்டை மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். கடலைப் பார்க்கலாம் என்பதும் கடலுக்கு நடந்து போகலாம் என்பதும் வேறு வேறு. தோட்டத்துக்கு வேலி உண்டா, அது எங்கே போய் முடிகிறது என்றும் கேளுங்கள். எங்களுக்கு வாய்த்த ஒரு வீட்டின் பின்தோட்டம் நேராக ஒரு பாறை விளிம்பில் முடிந்தது. விளம்பரத்தில் அதைத் 'தங்குதடையற்ற கடல்காட்சி' என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை.

முகவரிக்கு ஏர்கோடு கேட்டு வாங்குங்கள். 2015-இல் வந்த ஏழு எழுத்துக் குறியீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி. கிராமத்தில் வீட்டு எண்ணோ தெருப்பெயரோ இருக்காது, ஏர்கோடு இல்லாமல் போனால் மழையில் மூன்று வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். மின்சாரத்துக்கும் அடுப்பு எரிக்கும் கட்டைக்கும் தனிக் காசு உண்டா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். ஜூலையில் நல்ல மூன்று படுக்கையறை வீடு வாரம் ஆயிரம் யூரோவுக்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது சமையல் அடுப்பைப் பற்றி. இண்டக்ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது, அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். அப்புறம் தாளிப்பு. முதல் நாள் ராத்திரி என் அம்மா கடுகு வெடித்து மிளகாய் வற்றலைப் போட்ட நிமிடம் மொத்த வீடும் அலறியது. புகை அலாரம் ஒன்று இல்லை, மூன்று, ஒன்றோடொன்று இணைத்தவை. நான் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிற, அம்மா வாணலியோடு வாசலில் மழையில் நிற்க, கீழ்வீட்டிலிருந்து ஒரு பெரியவர் டார்ச் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு ரசம் கொடுத்து அனுப்பினோம். மறுநாளிலிருந்து ஜன்னலைத் திறந்து, விசிறியை முழு வேகத்தில் போட்ட பிறகுதான் எண்ணெயே காயும்.

பொன்னி அரிசி, புளி, பருப்பு டப்ளினிலிருந்தே எடுத்துப் போங்கள். பால், காய், முட்டை டிராலி (Tralee) என்ற ஊரில் வாங்கிக்கொள்ளலாம். இட்லி மாவு கொண்டுபோவதாக இருந்தால் ஒரு துப்பு: ஐரிஷ் வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியை 'ஹாட் பிரஸ்' என்பார்கள். துண்டு, விரிப்பு வைக்கும் இடம், எப்போதும் கதகதப்பாக இருக்கும். ராத்திரி மாவுப் பாத்திரத்தை அங்கே வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். கீழே ஒரு தட்டு வையுங்கள், வீட்டுக்காரரின் வெள்ளைத் துண்டுகளுக்கு நல்லது.

குளியலும் அப்படித்தான், சொல்லிக் கொடுக்காவிட்டால் தெரியாது. பல வீடுகளில் மின்சார ஷவர். குளியலறைக் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதை இழுத்துச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் வெந்நீர் வரும். என் மாமனார் இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தார். "இந்த ஊர்ல அப்படித்தான் போல" என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவர் தும்மியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

நாள்வாரியாகத் திட்டம் போடாதீர்கள். இரண்டு பட்டியல் போதும், வானம் திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று. காலையில் காபியோடு ஐரிஷ் வானிலை மையமான மெட் ஏரனின் மழை ரேடாரைப் பார்த்து எந்தப் பட்டியல் என்று முடிவு செய்யுங்கள். ஜூலையில் அங்கே பகல் வெப்பம் 18 டிகிரிக்கு அக்கம்பக்கம். பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் காலை மழையில் போனாலும் நாள் போய்விடாது, மாலை ஐந்துக்குக் கிளம்பினாலும் ஐந்து மணி நேர வெளிச்சம் பாக்கி.

திறந்த நாளுக்கு முதல் வேலை ஸ்லே ஹெட் சாலை. டிங்கிளில் தொடங்கி டிங்கிளில் முடியும் வட்டம், 50 கி.மீ.க்குள்தான், ஆனால் ஒரு நாளை ஒதுக்குங்கள். கடிகாரச் சுற்றில் போங்கள். பேருந்துகள் அப்படித்தான் போகும், எதிர்த்து வந்தால் குறுகலான இடத்தில் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும். ஓரிடத்தில் ஓடை சாலையின் மேலேயே ஓடும், மெதுவாக இறங்கி ஏறலாம். எதிரே வரும் உள்ளூர்க்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்குவார், அது வணக்கம். நீங்களும் தூக்குங்கள். இரண்டாம் நாளே பின்சீட்டிலிருந்து உங்கள் மகன் விரல் தூக்க ஆரம்பித்துவிடுவான்.

வழியில் டன்க்வின் படகுத்துறை. மேலே நின்று பார்த்தாலே போதும், வளைந்து வளைந்து கீழே இறங்கும் அந்தப் பாதை பெரியவர்களுக்கு வேண்டாம், கார் இறங்கவே கூடாது. எதிரே தெரிவது கிரேட் பிளாஸ்கட் தீவு. பிழைப்புக்கு வழியில்லாமல் இளையவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, மிச்சமிருந்தவர்களை 1953-இல் அரசே கரைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சின்னத் தீவின் மீனவர்களும் பெண்களும் ஐரிஷ் மொழியில் சொன்ன, எழுதிய வாழ்க்கைக் கதைகள் இன்றும் படிக்கப்படுகின்றன. டன்க்வினில் உள்ள பிளாஸ்கட் மையத்தில் இது முழுக்கக் காட்சிக்கு இருக்கிறது. என் அப்பா அங்கே இரண்டு மணி நேரம் நின்றார், எந்தக் கோட்டையிலும் அவர் அப்படி நின்றதில்லை. அதைத் தாண்டினால் காலரஸ் என்ற சிறு கல் கோயில். சுண்ணாம்புக் காரை எதுவும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கியது, கவிழ்த்த படகு மாதிரி இருக்கும், இன்னும் ஒழுகுவதில்லை.

மூடிய நாளுக்கு டிங்கிள் ஓஷன்வேர்ல்டில் பென்குயினும் சுறாவும். டிராலியில் அக்வாடோம் நீச்சல்குளம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு நாள் எங்கும் போகாமல் வீட்டில் டர்ஃப் நெருப்பு மூட்டி உட்காருங்கள். சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த கட்டி அது. மண்வாசனையும் புகையும் கலந்த ஒரு மணம், ஊர் திரும்பிய பிறகும் ஸ்வெட்டரில் நிற்கும். பழைய வழிகாட்டிகளில் டிங்கிள் துறைமுகத்து டால்பின் ஃபங்கியைப் பற்றி எழுதியிருப்பார்கள். 1983-இலிருந்து அங்கேயே வளையவந்த அது 2020 அக்டோபரோடு காணாமல் போய்விட்டது. மகளிடம் முன்கூட்டி எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள், துறைமுகத்தில் அதன் சிலைதான் இருக்கிறது. கடலுப்புப் போட்ட மர்ஃபீஸ் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

கடலில் மட்டும் விளையாட்டு வேண்டாம். வென்ட்ரி ஒதுக்கமான விரிகுடா, ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும், பிள்ளைகளுக்கு அதுதான். இன்ச் கடற்கரை 5 கி.மீ. நீளம், அலை பெரிது, காவலர் நிற்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். ஸ்லே ஹெட்டில் உள்ள கூமினூல் பார்க்க மிக அழகு, நீரோட்டம் மோசம், காலை நனைப்பதோடு சரி. காற்றடைத்த மெத்தை, படகு எதுவும் கடலுக்குள் கொண்டுபோகாதீர்கள், கரைக்காற்று ஒரு நிமிடத்தில் இழுத்துவிடும். ஆபத்தென்றால் 112, கோஸ்ட் கார்டு என்று கேளுங்கள். தண்ணீர் 15 டிகிரிதான் இருக்கும், லிடில் அல்லது ஆல்டியில் பிள்ளைகளுக்கு வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சலுடை) வந்தால் கண்ணில் பட்டதும் வாங்கிவிடுங்கள்.

இன்ச்சில் மணல்மேலேயே காரை ஓட்டிப்போய் நிறுத்துகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். கடல் சுமார் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும், ஏறும்போது சத்தம் போடாது. நாங்கள் மேலே சிப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக் காரின் பின்சக்கரம் மணலில் புதைந்து, தண்ணீர் நம்பர் பிளேட்டைத் தொட்டது. உரிமையாளர் எங்கேயோ நடந்து போயிருந்தார். யாரோ டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார்கள். டிராக்டர்காரரின் முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு அது முதல் கார் இல்லை என்று தோன்றியது.

சின்ன விஷயங்கள் சில. டிங்கிளுக்கு மேற்கே ஐரிஷ் மொழி பேசும் பகுதி, சாலைப் பலகைகளும் ஐரிஷில்தான், மேப்பில் இருக்கும் பெயர் பலகையில் இருக்காது. கழிப்பறைக் கதவில் 'ஃபிர்' என்றிருந்தால் ஆண்கள், 'ம்னா' என்றிருந்தால் பெண்கள். ஆங்கில முதலெழுத்தைப் பார்த்து நம்மவர்கள் நேர்மாறாக நுழைவார்கள், பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பப்பில் சாப்பிடப் பிள்ளைகளோடு போகலாம், கோடையில் இரவு பத்து வரை அனுமதி, பாட்டு அநேகமாக அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். பெரியவர்களின் மாத்திரையும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய மருத்துவமனை டிராலியில், டிங்கிளிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்.

தேதியைப் பொறுத்தவரை, ஜூலை முதல் வாரம் கிடைத்தால் எடுங்கள். ஆகஸ்ட் முதல் திங்கள் பொது விடுமுறை, 10 முதல் 12 வரை பக்கத்து கில்லார்கலினில் பக் திருவிழா, அப்போது கெர்ரி முழுக்க வண்டியும் ஆளும்தான். நல்ல தரைத்தள வீடுகள் பொங்கலுக்கு முன்பே போய்விடும். இப்போதே மூன்று வீட்டுக்காரர்களுக்குப் போன் போடுங்கள். அடுப்பு என்ன வகை, கீழே படுக்கையறை உண்டா, ஷவர் கயிறு எங்கே தொங்குகிறது, இந்த மூன்றுக்கும் சிரிக்காமல் பதில் சொல்பவரின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.